பிப்லியோ வீட்டுக்காரர்கள்

மார்ச் 3

கொசுறு,

நான் இருக்கிறேன். உன் அத்தானும் இருக்கிறார், இருமலோடு. இதற்கு அடுத்த வரியில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். அஞ்சாம் வகுப்பில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தபோது அப்படித்தான் சொன்னார்கள். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. கேட்கவில்லை.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மெஷினில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு பிடிக்க வேண்டிய பாண்ட்டும், கை குறைக்க வேண்டிய சட்டையும் மலையாகக் கிடக்கின்றன. கால் மிதிக்கிறது, கை தைக்கிறது. காது மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் உன் கட்டிலிலேயே கிடக்கிறது.

மனதில் ஒன்று முள்ளாகக் குத்துகிறது. உன்னை எடுத்த அன்று உன் நாத்தனார் வந்தாள், நீ அண்ணி என்று கூப்பிடுகிறவள். என்னைவிடச் சத்தமாக அழுதாள். முதல் டம்ளர் தண்ணீரும் அவளுக்குத்தான் போயிற்று. போகட்டும். உன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போயிட்டியாடி என் பிப்லியோஃபேஜே" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி என் காதில், "அது என்னக்கா, செல்லப் பேரா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன்? அளந்து கொடுத்த பிறகு கடைக்காரன் மேலே ஒரு பிடி போடுவானே, அப்படி அம்மாவுக்குக் காலம் போன காலத்தில் வந்தவள் நீ. கொசுறு என்று பேர் வைத்தவள் நான். தையல் கடையில் காஜா எடுத்து உன்னைப் படிக்க வைத்தவள் நான். உன் இன்னொரு பேர் என்னவென்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றவளும் நான்தான். அந்தக் கோபத்தில்தான் வாசலிலேயே அவளோடு சண்டை போட்டேன். வண்டி நிறுத்துகிற இடத்துக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசி மாதங்களில் இங்கே படுத்திருந்தாயே, தினமும் சாயங்காலம் அவள் போன் வரும். பிப்லியோ அது, பிப்லியோ இது என்று இரண்டு பேரும் சிரிப்பீர்கள். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். நிறுத்தினதும் நீ குரலைத் தாழ்த்திவிடுவாய். போனை வைத்த பிறகு, "அக்கா, தலையணையை மாத்து. அக்கா, முதுகு எரியுது."

சிரிப்பு அவளுக்கு, வலி எனக்கு. இதுதானா நீ பிரித்த பாகம்?

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணனின் இருமல் குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்லூரி நூலகத்துக்குப் போகிறேன், வருகிறேன். உங்கள் தங்கை உட்கார்ந்து புத்தகங்களுக்குச் சீட்டு ஒட்டிய மேஜையைத் தாண்டித்தான் என் அறைக்குப் போக வேண்டியிருக்கிறது.

போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் ஒன்று இருவரும் அழுதிருப்போம், இல்லையென்றால் அன்று வாசலில் போட்ட சண்டையைத் தொடர்ந்திருப்போம். அதனால்தான் கடிதம்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்கு வரும்போது அவள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்தாள். எல்லாம் ஆங்கிலம். உங்களுக்குப் பயன்படாது என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே அவள் நினைவாக ஓர் அலமாரி வைக்கலாம் என்று ஆசைப்படுகிறேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளட்டுமா? அவள் கணவன், கப்பலில் வேலை பார்க்கிற என் தம்பியிடமும் கேட்டுவிட்டேன். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க, என்னை விடுங்க" என்று சொல்லிவிட்டு அழுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய அண்ணி

மார்ச் 27

சம்பந்தி அம்மாவுக்கு,

கும்பிடுகிறேன். முட்டிவலி அதன் பாட்டுக்கு இருக்கிறது. விசாரித்ததற்குச் சந்தோஷம்.

என்னை அக்கா என்று எழுத வேண்டாம். அப்படிக் கூப்பிட ஒருத்தி இருந்தாள், இப்போது இல்லை. அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை.

பயன்படாது என்று சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லாமலே சொல்லத் தெரிந்தவர் நீங்கள். உண்மைதான், எனக்கு அதில் ஒரு வரி படிக்கத் தெரியாது. அதனால் அது என்னுடையது இல்லை என்று ஆகிவிடுமா? தங்கச்சி வயிற்றில் என்ன கட்டி என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததையும்தான் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அதை நான்தானே வைத்துக்கொண்டேன்.

புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன. அவளுடைய துணிமணிகளை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. வெட்டி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் உறை தைத்துவிட்டேன். பச்சைப் பூப்போட்ட சட்டையில் மூன்று புத்தகம் வந்தது. நாலு பக்கமும் இரட்டைத் தையல். தூசி போகாது, பூச்சி போகாது, கையும் போகாது.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு, அவளை வளர்த்தவள்

ஏப்ரல் 5

சம்பந்தி அம்மாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள். நாலு பக்கமும் தைத்தீர்களா? புத்தகத்தையா? தலையணைக்கு உறை போடுவதுபோலவா? தலையணையைக்கூட ஒரு பக்கம் திறந்துதானே விடுவார்கள்!

நீங்கள் செய்த காரியத்துக்கு ஒரு பேர் இருக்கிறது. பிப்லியோடாஃப். புத்தகத்தை யார் கண்ணிலும் படாமல் புதைத்து வைக்கிறவர். டாஃப் என்றால் கிரேக்க மொழியில் கல்லறை. இவ்வளவு நாளும் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

கோபத்தில் எழுதுகிறேன். அண்ணனுக்கு இருமல் மருந்து தவறாமல் கொடுங்கள்.

அவளுடைய அண்ணி

ஏப்ரல் 14

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் திட்டு சுகமாக வந்து சேர்ந்தது. நாங்களும் சுகம்.

என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "பிப்லியோடாஃப். பரவாயில்லையே, டாக்டர் பட்டம் மாதிரி இருக்கு. வாசல்ல பலகை மாட்டிடலாமா?" என்றார். பிறகு, "ஏண்டி, ஆள் இருக்கும்போது யார்கிட்ட இருக்கணும்னு அடிச்சுக்கிட்டாலாவது அர்த்தம் உண்டு. போனப்புறம் காகிதத்துக்கு அடிச்சுக்கிறீங்களே" என்றார். ஆம்பளைகளுக்கு என்ன தெரியும். காகிதத்துக்கா அடித்துக்கொள்கிறோம்?

திட்டியதில் எனக்கு ஒரு லாபம். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட பேச்சில் ஒரு வார்த்தை இப்போது எனக்கும் தெரியும். மீதியும் வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு கேட்டதெல்லாம் என்ன? அன்றைக்கு அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டீர்களே, அது என்ன? நீங்கள் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் எழுதினால் நான் ஒரு புத்தகத்தின் தையலைப் பிரிக்கிறேன். சம்மதம் என்றால் எழுதுங்கள்.

இப்படிக்கு, அவளை வளர்த்தவள்

ஏப்ரல் 30

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். போன கடிதத்தில் அதிகம் பேசிவிட்டேன்.

பிப்லியோ என்றால் கிரேக்கத்தில் புத்தகம். அது முன்னால் நிற்கும், பின்னால் வருவது ஆளுக்கு ஆள் மாறும். ஃபைல் என்று முடிந்தால் புத்தகத்தை நேசிக்கிறவர். மேனியா என்றால் பைத்தியம், வீடு நிறைய வாங்கிக் குவிப்பது. போல் என்றால் விற்கிறவர். ஃபேஜ் என்றால் தின்கிறவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீட்டு ஒட்ட வேண்டிய புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். "சோத்தைத் தின்கிறியா, புத்தகத்தைத் தின்கிறியா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே வயித்துக்குத்தானே மேடம் போகுது" என்றாள். அன்று வைத்த பேர் பிப்லியோஃபேஜ். அதற்குப் பிறகுதான் என் தம்பிக்கு இவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அவளும் சும்மா விடவில்லை. பழைய புத்தகங்களைக் கழித்துத் தள்ளுவது என் வேலையில் ஒன்று. அதனால் எனக்கு பிப்லியோக்ளாஸ்ட் என்று பேர் வைத்தாள். புத்தகங்களை உடைத்து அழிக்கிறவர். உங்களிடம் இருக்கிற இரண்டு பெட்டியும் நான் கழித்துப் போட்டதை அவள் பொறுக்கிச் சேர்த்ததுதான். தபால் கொண்டுவருபவருக்கு, கட்டடத்துக் காவலாளிக்கு, என் தம்பிக்கு, எல்லோருக்கும் ஒன்று வைத்திருந்தாள்.

தையலைப் பிரிக்க வேண்டாம். பதிலுக்கு வேறு கொடுங்கள். அவள் அங்கே உங்களோடு இருந்ததில் ஏதாவது ஒரு நாளை எனக்கு எழுதுங்கள். எந்த நாளானாலும் சரி.

அண்ணனுக்கு என் வணக்கம்.

அவளுடைய அண்ணி

மே 12

சம்பந்தி அம்மாவுக்கு,

சுகம். கோடை மழை பெய்து துணி காய மாட்டேன் என்கிறது.

நீங்கள் எழுதியது நன்றாகப் புரிந்தது. பிப்லியோ என்பது வீட்டுப் பேர். நேசிக்கிறவள் மூத்தவள், பைத்தியம் நடுப்பிள்ளை, தின்கிறவள் செல்லப்பிள்ளை, உடைக்கிறவர் வீட்டுக்குப் பெரியவர். புதைக்கிறவளை ஒன்றுவிட்ட சொந்தமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு வீடு நிறைய ஆள் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் குடித்தனம் நடத்தியிருக்கிறீர்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்.

நீங்கள் வேண்டாம் என்று தள்ளியதைத்தான் திரும்பக் கேட்கிறீர்கள் என்பதும் புரிந்தது. தள்ளும்போது தெரியவில்லையா?

ஒரு நாள் கேட்டீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் பால் குடித்தாள். மத்தியானம் கொஞ்சம் தூங்கினாள். சாயங்காலம் உங்கள் போன் வந்தது. மீதி உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு, அவளை வளர்த்தவள்

ஜூன் 2

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பால் குடித்தாள் என்பதுகூட எனக்குத் தெரியாத செய்தி.

இன்னொரு வார்த்தை தருகிறேன், பிப்லியோதெரபி. தெரபி என்றால் வைத்தியம். "எப்படிடி இருக்கு, வலிக்குதா?" என்று கேட்கும்போதெல்லாம் இதை எடுத்துவிடுவாள். "பிப்லியோதெரபி நடக்குது அண்ணி. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு அத்தியாயம், பின்னாடி ஒரு அத்தியாயம். ஆறலைன்னா டாக்டரை மாத்தலாம், ஆசிரியரையும் மாத்தலாம்." நானும் சிரிப்பேன். எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில், இதே சிரிப்பு. குரலைக் கேட்டால் உடம்பு தேறி வருகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் நினைத்தேன். "லீவு போட்டுட்டு வர்றேன்டி" என்றால், "அவசரம் இல்லை அண்ணி, காலேஜ்ல பரீட்சை முடியட்டும்" என்பாள். நம்பினேன். நான் வந்தபோது தூக்குகிற நேரம்.

என்னை அவள் நிஜத்துக்குள் விடவேயில்லை. உங்களிடம்தான் முனகினாள், உங்களிடம்தான் எரிந்து விழுந்தாள். அதில் எனக்குப் பொறாமை. நாற்பத்தெட்டு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

வலித்ததா? எப்படி வலித்தது?

அவளுடைய அண்ணி

ஜூலை 20

சம்பந்தி அம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதம். உடம்பு சரியில்லை என்று பொய் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு எப்படி?

உங்களுக்குப் பொறாமை என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பொங்கி வந்தது ஆத்திரம். என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள் அந்தப் பாகத்தை, யார் வேண்டாம் என்றது?

வலித்தது. மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் அடங்கும். டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போட மாட்டாள். உங்கள் போன் வருகிற நேரத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் போடுவாள். மத்தியானம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். "இப்பவே போட்டுக்கோடி" என்று கெஞ்சுவேன். "வேண்டாம்க்கா, சாயங்காலம் அண்ணி பேசுவாங்க. குரல் நல்லா இருக்கணும்" என்பாள். மாத்திரையின் நல்ல நேரம் உங்களுக்கு. அது இறங்கின பிறகு நான். போனை வைத்ததும் தலையணையைக் கடிப்பாள், ஓரமெல்லாம் கிழிந்திருக்கும். தினமும் தைத்தேன். கூடவே என்னைத் திட்டுவாள். "மெஷினை நிறுத்துக்கா, தலைக்குள்ள ஓடுது" என்பாள். நிறுத்தினால், "ஏன் நிறுத்தினே, நீ இருக்கியா இல்லையான்னே தெரியலை" என்பாள்.

இவ்வளவுதான் எழுதுவேன். கடைசி நாளைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நான் ஒன்று கேட்கிறேன். தபால்காரருக்குக்கூட வைத்தாள் என்றீர்கள். எனக்கு என்ன பேர் வைத்திருந்தாள்? எவ்வளவு கேவலமான பேராக இருந்தாலும் எழுதுங்கள், தாங்குவேன்.

இப்படிக்கு, அவளை வளர்த்தவள்

செப்டம்பர் 9

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நானும் தாமதம். மாத்திரையைப் பற்றிப் படித்த பிறகு பல நாள் போனைக் கையில் தொட முடியவில்லை.

உங்கள் கேள்விக்கு முதலில் ஒரு பொய் எழுதினேன். பிப்லியோபெஜிஸ்ட் என்று ஒரு வார்த்தை உண்டு, புத்தகத்தைத் தைத்துக் கட்டுகிறவர். அதைத்தான் உங்களுக்கு வைத்திருந்தாள் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். பிறகு பிரித்துக் கிழித்தேன். நீங்கள் எனக்கு நிஜத்தைக் கொடுத்தீர்கள், நான் உங்களுக்குப் போலியைக் கொடுக்கக் கூடாது.

அவள் உங்களுக்குப் பேர் வைக்கவில்லை. ஒரு நாள் நானே கேட்டேன். "எல்லாருக்கும் வெச்சுட்டே, உங்க அக்காவுக்கு என்னடி?" என்றேன். "அக்காவுக்கு வேண்டாம் அண்ணி. அக்கா இதுல இல்லை" என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. இப்போது எவ்வளவோ தோன்றுகிறது.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

அவளுடைய அண்ணி

அக்டோபர் 4

சம்பந்தி அம்மாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் இருங்கள்.

இரண்டு பெட்டிகளையும் லாரி ஆபீசில் போட்டாயிற்று. அக்கா இதில் இல்லை என்று அவளே சொன்ன பிறகு அவை என் வீட்டில் எதற்கு? பெருந்தன்மையில் அனுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். ரோஷத்தில் அனுப்புகிறேன்.

உறையைக் கழற்றவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தையலைப் பிரித்து ஜிப் வைத்திருக்கிறேன். பாண்ட்டுக்கு வைக்கிற ஜிப்தான், அழுத்தமாக இருக்கும். இழுக்கும்போது பக்கத்தைக் கடித்துவிடாமல் விரலை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். அலமாரியில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். துணி அவளுடையது, துவைத்துவிடாதீர்கள்.

அந்தப் பொய்யை அனுப்பியிருந்தால் நான் நம்பியிருப்பேன். ஏன் கிழித்தீர்கள்?

இப்படிக்கு, அவளை வளர்த்தவள்

அக்டோபர் 6

கொசுறு,

அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்குத் தூக்கம் வருகிறது, எழுந்தால்தான் கஷ்டம். வீட்டில் இப்போது என் துணியும் ஊரார் துணியும்தான்.

அக்கா இதுல இல்லை என்றாயாமே. அதைப் படித்த அன்று மெஷினில் உட்காரவில்லை. அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "விளையாட்டுல சேர்க்காதது பெருமையாக்கூட இருக்கலாம்டி" என்றார். இருக்கலாம். படிக்காதவள் நடுவில் வந்தால் விளையாட்டு கெட்டுப்போகும் என்றும் இருக்கலாம். நீ எந்த மனசோடு சொன்னாய் என்று உன் நாத்தனாருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதில் கொஞ்சம் நிம்மதிதான் எனக்கு. உன் அக்கா அப்படித்தான், என்ன செய்ய.

ஒன்றை அவளுக்கு எழுதவில்லை. கடைசி நாள் சாயங்காலம் வழக்கம்போல் போன் அடித்தது. எந்த மாத்திரைக்கும் அடங்காத வலி அது. எடுத்து உன் காதருகில் நீட்டினேன். நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். போன் அடித்து அடித்து நின்றது. என் கையை இழுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாய். விடிவதற்குள் போய்விட்டாய், கையை விடவேயில்லை.

அவள் கூப்பிட்டும் நீ எடுக்காத ஒரே நாள் அதுதான். இத்தனை மாதமும் அதை வைத்துக்கொண்டுதான் பிழைத்தேன். கடைசியில் என்னைத்தான் வைத்துக்கொண்டாள், அவளை வேண்டாம் என்றாள் என்று சொல்லிச் சொல்லித் தைத்தேன். மாத்திரை சங்கதியை அவளுக்கு எழுதும்போதுதான் கை நின்றது. குரல் நல்லா இருக்கணும்க்கா என்பாயே. அன்றைக்கு உன் குரல் குரலாகவே இல்லை.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். இதை மட்டும் சொல். என்னோடு இருக்கணும் என்றா தலையாட்டினாய், இல்லை, அந்தக் குரலை அவள் கேட்டுவிடக் கூடாது என்றாடி?